முகவரி ஒன்று, வாசல் நூறு

எங்கள் ஊரின் பெயர் தா.பழூர். முன்னால் நிற்கும் அந்த ஓரெழுத்தை அழகுக்காக வைத்தது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையிலே இன்னொரு பழூர் உண்டு. வெறுமனே 'பழூர்' என்று எழுதி அஞ்சற்பெட்டியில் போட்டால் கடிதம் எந்தப் பழூருக்குப் போய்ச் சேரும்? அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைப்பது ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமே. பெயர் பலருக்குப் பொதுவாக இருக்கலாம், முகவரி ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பதைப் பேருந்து நிறுத்தத்துப் பலகையைப் பார்த்தே நாங்கள் சிறுவயதில் தெரிந்துகொண்டோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1995 வரை நாங்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தார். அவ்வாண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது பெரம்பலூர்க்காரர் ஆனோம். 2001 சனவரியில் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் அதைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர்! என் தந்தையார் இருந்த வீட்டை விட்டு நகராமலேயே நான்கு முறை மாவட்டம் மாறியவர். இத்தனை நடந்தும் அவருக்கு வரவேண்டிய கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு அந்தப் பெருமையில் பங்குண்டு. எங்கள் எண் 612904. மாவட்டத் தலைநகராகிய அரியலூரின் எண் 621 என்று தொடங்க, எங்களுடையதோ கொள்ளிடத்துக்குத் தெற்கேயுள்ள கும்பகோணத்தைப் போல 612 என்று தொடங்குகிறது. ஆட்சியாளர் வரைந்த எல்லை ஒன்று, தபால் பை போகும் வழி வேறொன்று. முகவரி எழுதுபவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணை எழுதினால் போதும், மற்றதை அஞ்சல் துறை பார்த்துக்கொள்ளும்.

அஞ்சல் துறை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒழுங்குபடுத்திவிட்ட இந்தச் சங்கதிதான் இன்று கணினி உலகத்தில், அதுவும் சமூக ஊடகத்தில், தீராத தலைவலியாக இருக்கிறது. அதைப் பற்றியே இக்கட்டுரையில் என் கருத்தைச் சொல்ல விழைகிறேன். நான் வரலாறு படிப்பவன். கணினித் துறை நண்பர்கள், 'உனக்கென்ன இங்கே வேலை?' என வினவலாம். முகவரி தொலைந்தால் நாளைக்குச் சான்று தேடி அலையப் போகிறவர்கள் வரலாற்று மாணவர்கள்தாமே! அந்த உரிமையில் நுழைகிறேன்.

பேஸ்புக், எக்ஸ் ஆகிய தளங்களை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு நிறுவனம், ஒரே மாளிகை. அனைவரும் அதற்குள் குடியிருக்கிறோம். கதவு திறப்பதும் மூடுவதும் மாளிகைக்காரர் விருப்பம். இதற்கு மாற்றாக வந்தது பரவல்முறைச் சமூக ஊடகம். ஜெர்மனியில் வாழும் ஆய்கன் ரோக்கோ என்ற இளைஞர் 2016இல் வெளியிட்ட மாஸ்டடான் இதில் பெயர் பெற்றது. இங்கே மாளிகை கிடையாது, தெருக்கள்தாம் உண்டு. யார் வேண்டுமானாலும் தமக்கென ஒரு சர்வரை, அதாவது வழங்கியை, நிறுவிக்கொள்ளலாம். ஒரு கல்லூரி நிறுவலாம், ஒரு வாசகர் வட்டம் நிறுவலாம், ஏன், தனி மனிதரே நிறுவலாம். ஒரு வழங்கியில் இருப்பவர் இன்னொரு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடரலாம், மறுமொழி சொல்லலாம். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 சனவரியில் அதனை முறைப்படி பரிந்துரைத்தது. இங்கே ஒருவர் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. பெயர், அதன்பின் @ குறி, அதன்பின் வழங்கியின் பெயர் என மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி. எங்கள் ஊரின் 'தா' முன்னால் நிற்கிறது, அவர்களுடையது பின்னால் நிற்கிறது. வேறுபாடு அவ்வளவே.

நம் நாட்டில் இதன் பெயர் பரவலாக அடிபட்டது 2019இல். உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் முடக்கப்பட்டது. அதனைக் கண்டித்துப் பலர் நவம்பர் மாதத்தில் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். எழுத்தாளர்களும் செய்தியாளர்களும் சட்டம் படித்தவர்களுமாகப் பெரிய கூட்டமே போயிற்று. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியபோது உலகெங்கும் இரண்டாவது அலை எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மாஸ்டடானுக்குச் செல்லும் இணைப்புகளையே ட்விட்டர் சில நாட்கள் தடுத்து நிறுத்தியதும் நடந்தது. ஒரு மாளிகைக்காரர் தெருவுக்குப் போகும் வழியில் கல்லைப் போட்டு மறிப்பாரானால், அவர் அஞ்சுவது எதைக் கண்டு என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் குடிபெயர்ந்தவரில் பலர் திரும்பிவிட்டனர். ஏன் திரும்பினர் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 'எனக்குத் தெரிந்தவர் எவரும் அங்கே இல்லை' என்பார் ஒருவர். 'சுவையில்லை' என்பார் மற்றொருவர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் என் மனத்தில் பட்ட காரணம் மிகச் சிறியது, பார்ப்பதற்கு அற்பமானது. அங்கே ஒரு லிங்கைத் தொட்டால் அது வேலை செய்யும் விதம் இடத்துக்கு இடம் மாறுகிறது.

எடுத்துக்காட்டாக, அரியலூரில் ஒரு வழங்கியும் கும்பகோணத்தில் ஒரு வழங்கியும் இருப்பதாகக் கொள்வோம். என் கணக்கு அரியலூரில். கும்பகோணத்து நண்பர் ஒருவர் கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டைப் பற்றி ஒரு பதிவு எழுதி, அதன் இணைப்பை வாட்ஸ்அப் வழியே எனக்கு அனுப்புகிறார். தொடுகிறேன். பதிவு திறக்கிறது, படிக்கவும் முடிகிறது. ஆனால் நான் இப்போது நிற்பது கும்பகோணத்து வாசலில். அங்கே எனக்குக் கணக்குக் கிடையாது. மறுமொழி எழுதப் பொத்தானை அழுத்தினால், 'யார் நீங்கள்? உள்ளே நுழையுங்கள், அல்லது புதிதாகச் சேருங்கள்' என்கிறது. இதே பதிவு அரியலூர் வழங்கியிலும் படியாக வந்திருக்கக்கூடும். அங்கே அதன் எண் வேறு, முகவரி வேறு. அதை நான் காண வேண்டுமானால் கும்பகோணத்து முகவரியை நகலெடுத்து, அரியலூருக்குத் திரும்பி வந்து, தேடும் கட்டத்தில் ஒட்டித் தேட வேண்டும். அதன் பிறகே மறுமொழி. ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத எழுதியவரின் ஊருக்கே போய், அங்குள்ள அஞ்சலகத்தில் நம் குடும்ப அட்டையைக் காட்ட வேண்டும் என்றால் யார் பதில் எழுதுவார்கள்?

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் நாலைந்து பேர் இந்த வகைக் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். என் நண்பன் ஒருவன் இரண்டாம் நாளே ஜெயங்கொண்டம் பேருந்தில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டா, நேத்துதான பாஸ்வேர்டு போட்டு உள்ள போனேன். இன்னிக்கு நீ அனுப்புன லிங்க்கைத் தொட்டா மறுபடி கேக்குது. பாஸ்வேர்டைப் போட்டா தப்புங்குது."

"அது வேற சர்வர்டா. உன் கணக்கு அங்க இல்ல."

"ரெண்டும் மாஸ்டடான்தான?"

"மாஸ்டடான்தான். ஆனா வேற வேற."

"போடா, எனக்கு இன்ஸ்டாவே போதும்."

அவன் போய்விட்டான். ஒருவனை ஒரு பெருநிறுவனத்தின் மாளிகைக்குள் திரும்ப அனுப்புவதற்குத் தத்துவமோ விளம்பரமோ தேவைப்படவில்லை. திறக்காத ஒரு பொத்தான் போதுமானதாக இருந்தது. தவிர, அவன் அந்நிய வாசலில் தன் கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தான் என்பதைக் கவனியுங்கள். அந்த வழங்கியை நடத்துபவர் தீயவராக இருந்திருந்தால்? குழப்பமான வாசல் சலிப்பை உண்டாக்குவதோடு நிற்பதில்லை, ஏமாறவும் கற்றுக்கொடுக்கிறது.

இது வழங்கிகளின் சோம்பலால் வந்த குறை என்று சொல்லிவிட முடியாது. வேர் ஆழத்தில் இருக்கிறது. நாம் ஒரு தளத்தில் உள்ளே நுழைந்ததும், நாம் இன்னார் என்பதற்கான அடையாளச் சீட்டு ஒன்றை உலாவி வைத்துக்கொள்கிறது. குக்கி என்கிறோமே, அதுதான். அரியலூர் தந்த சீட்டை உலாவி அரியலூருக்கு மட்டுமே காட்டும். கும்பகோணத்துக்குக் காட்டாது, காட்டவும் கூடாது. காட்டினால் நாம் செல்லும் ஒவ்வொரு தளமும் நாம் வேறெங்கெல்லாம் உறுப்பினர் என்பதை அறிந்துவிடும். ஆகவே நமக்கு இடையூறாகத் தோன்றும் இந்தச் சுவர்தான் நமக்குக் காவலும்கூட. சுவரை இடிக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது. வாசல் வைக்கும் இடத்தைத்தான் யோசிக்க வேண்டும்.

கைப்பேசியில் நிலைமை இன்னும் சிக்கல். யூடியூப் லிங்கைத் தொட்டால் யூடியூப் செயலி தானாகத் திறக்கிறதே, எப்படி? இன்னின்ன இணைய முகவரிகள் எனக்குரியவை என அந்தச் செயலி முன்கூட்டியே கைப்பேசியிடம் பதிந்து வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு ஓரிரு முகவரிகள்தாம் இருக்கும் என்பதால் அது எளிது. பரவல்முறை ஊடகத்திலோ வழங்கிகள் ஆயிரக்கணக்கில். நாளை காலை புதிதாக ஒன்று முளைக்கும், மாலையில் ஒன்று மூடும். எந்தச் செயலியால் அத்தனை பெயர்களையும் பட்டியலிட முடியும்? கைப்பேசியின் அமைப்பே ஒற்றை மாளிகைகளுக்கு இசைவாகக் கட்டப்பட்டிருக்கிறது.

அப்படியானால் தீர்வே இல்லையா? இருக்கிறது. அதைக் காண நான் எங்கள் ஊர்த் தேநீர்க் கடை வரைதான் போனேன். கடைப் பலகையில் ஒரு கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது. அட்டையை ஒட்டிவிட்டுப் போன நிறுவனம் ஒன்று, என் கைப்பேசியில் உள்ள செயலி வேறொன்று. என் வங்கி ஒன்று, கடைக்காரருடைய வங்கி மற்றொன்று. "அண்ணே, என்கிட்ட இந்த ஆப் இல்லையே" என்றேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எதுல வேணா அடி தம்பி, எனக்கு வந்துரும்" என்றார்.

எதுல வேணா அடி, எனக்கு வந்துரும்! பரவல்முறைச் சமூக ஊடகத்துக்கு வேண்டியது இந்த ஒரு வாக்கியம்தான். 2016 ஏப்ரலில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அறிமுகப்படுத்திய யுபிஐ முறையில் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் இணைய முகவரியும் அன்று. 'யுபிஐ' என்னும் பொதுச் சொல்லில் தொடங்கி, பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் ஒரு குறிப்பு. எந்தச் செயலி வழியே கொடுப்பது என்பதை அட்டை தீர்மானிப்பதில்லை. கொடுப்பவரின் கைப்பேசி தீர்மானிக்கிறது. சேரும் இடம் பெறுபவருடைய உரிமை, புறப்படும் வாசல் கொடுப்பவருடைய உரிமை.

இது தானாகக் கனிந்த கனி என்று கருதிவிடக் கூடாது. தொடக்கத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் தனித்தனி அட்டைகளும் இருந்தன. ஒருவர் அட்டையை மற்றவர் செயலி படிக்காது. 2020 அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி, இனிப் புதிதாக எவரும் தமக்கு மட்டுமான கியூஆர் அட்டையைத் தொடங்கக் கூடாது, இருப்பவர்களும் 2022 மார்ச் 31க்குள் பொது அட்டைக்கு மாறிவிட வேண்டும் என ஆணையிட்டது. மாறினார்கள். மாறாதிருக்க முடியாது, ஏனெனில் ஆணையிட்டது ரிசர்வ் வங்கி.

சமூக ஊடகத்துக்கு ரிசர்வ் வங்கி இல்லை. அங்கேயும் இதே யோசனையைச் சிலர் முன்வைத்திருக்கிறார்கள். 'வெப்+ஏபி' என்று தொடங்கும் ஒரு பொது இணைப்பு இருக்கட்டும், அதைத் தொட்டால் அவரவர் உலாவி அவரவர் வழங்கியிலேயே திறக்கட்டும் என்பது அந்த யோசனை. உலாவிகள் சிலவற்றில் இதற்கு வசதியும் உண்டு. ஆனால் ஆப்பிளின் சஃபாரி அந்த வசதியை ஏற்கவில்லை. இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. கணக்கே இல்லாத ஒருவர், சும்மா படிக்க விரும்பும் ஒரு பெரியவர், அந்த இணைப்பைத் தொட்டால் ஒன்றுமே நடக்காது. இப்போதுள்ள முறையில் எல்லோராலும் படிக்க முடிகிறது, பேச முடிவதில்லை. புதிய முறையில் உறுப்பினர் பேசலாம், மற்றவர் படிக்கவே முடியாது. இரண்டில் எது மேல் என்ற வாதத்திலேயே ஆண்டுகள் ஓடிவிட்டன.

2023 செப்டம்பரில் வந்த மாஸ்டடான் 4.2ஆம் பதிப்பு நடுவழி ஒன்றைக் கண்டது. அந்நிய வாசலில் பொத்தானை அழுத்தினால், 'உங்கள் வழங்கி எது?' என்று மட்டும் கேட்கும். கடவுச்சொல் கேட்காது. ஊர்ப்பெயரைச் சொன்னால் நம்மை நம் வாசலுக்கே அழைத்துச் சென்று அதே பதிவைக் காட்டிவிடும். பேருந்து மாறி ஏறிய கிராமத்தாரிடம் நடத்துனர், 'எந்த ஊரு பெரியவரே?' என்று கேட்டுச் சரியான பேருந்தில் ஏற்றிவிடுவதைப் போல. நல்ல ஏற்பாடுதான். இதை நான் பாராட்டுகிறேன். ஆனாலும் இது மாஸ்டடானின் ஏற்பாடு. அதே பொதுமொழி பேசும் பிற மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் நடந்துகொள்கின்றன. ஒன்றில் கேட்கும், ஒன்றில் கேட்காது, ஒன்றில் கேட்டுவிட்டு வேறெங்கோ கொண்டுபோய் விடும். பழகியவர் சமாளிப்பார், புதியவர் ஓடிவிடுவார்.

என் கருத்து இதுதான். ஆக்டிவிட்டிபப் வகுத்தவர்கள் வழங்கியும் வழங்கியும் எப்படிப் பேசுவது என்பதை அழகாக வகுத்தார்கள். ஒரு மனிதர் ஓர் இணைப்பைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை வகுக்காமல் விட்டுவிட்டார்கள். கொள்ளிடத்தின் குறுக்கே மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் இடையே பாலம் இருக்கிறது. பாலத்தைக் கட்டிவிட்டு, இருகரையிலும் அணுகுசாலை போடாமல் விட்டிருந்தால் நாங்கள் கும்பகோணம் போவது எப்படி? அணுகுசாலையைப் பொறியியல் என்று யாரும் கொண்டாடுவதில்லை. அதனால்தான் அது கடைசியில் மறக்கப்படுகிறது போலும். படிக்க எல்லோருக்கும் திறக்கும் பழைய முகவரியும் அதனுள்ளே 'இது இன்னவகைப் பதிவு, உன் வீட்டில் திறந்துகொள்' எனக் கருவிக்குச் சொல்லும் பொதுக்குறிப்பும் சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பை மதிக்கும் கடமை உலாவி செய்பவர்களுக்கும் கைப்பேசி செய்பவர்களுக்கும் உண்டு. அவர்கள் இரண்டு மூன்று பெருநிறுவனங்களே. அவர்களாக மனமிரங்கிச் செய்வார்கள் என்று நான் நம்பவில்லை. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி செய்ததைப் போல ஓர் ஆணை வேண்டும்.

இதை எங்கள் கணினித்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் புன்னகைத்தார். "ஊரே வாட்ஸ்அப்பில் இருக்கிறது. நாலு பேர் இருக்கும் இடத்துக்கு அரசாங்க ஆணை வேண்டுமா தம்பி?" என்றார். நியாயமான கேள்விதான். ஆயினும் ஊர் வாட்ஸ்அப்பில் இருப்பது விருப்பத்தாலா, வெளியே போனால் மற்றவரோடு பேச முடியாது என்பதாலா? ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைச் சட்டம், பெரிய செய்தி அனுப்பும் சேவைகள் கேட்பவருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்கிறது. தொலைவில் போவானேன்? தமிழ்நாட்டின் ஜோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'அரட்டை' செயலி 2025இல் திடீரென்று பலர் கைக்கு வந்தபோது, அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, இத்தகைய சேவைகள் யுபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று பேசக்கூடியனவாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னது செயலாவது எப்போது என்பது வேறு. கேள்வி நாலு பேரோடு நிற்பதன்று என்பதற்கு அது சான்று.

இதுவரை சொன்னது வாசலைப் பற்றி. வீடே இடிந்துபோனால்? வரலாற்று மாணவனாகிய எனக்கு அதுவே பெரிய கவலை.

பரவல்முறை ஊடகத்தில் ஒரு பதிவின் முகவரி அது பிறந்த வழங்கியின் பெயரோடு பிணைந்தது. வழங்கி மூடினால் முகவரி செத்தது. மாஸ்டடானில் ஒருவர் வேறு வழங்கிக்குக் குடிமாறலாம். அவரைப் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். ஆனால் அவர் எழுதியவை வாரா. குடும்பம் புது வீட்டுக்கு வந்துவிட்டது, பெட்டியிலிருந்த கடிதங்கள் பழைய வீட்டிலேயே கிடக்கின்றன. எங்கள் நாலைந்து பேர் கணக்குக்கும் அதுவே கதி. நாங்கள் சேர்ந்திருந்த சிறு வழங்கி ஒரு நாள் அறிவிப்பின்றி நின்றது. அரியலூர்ப் பகுதிப் புதைபடிவங்களைப் பற்றி நாங்கள் படங்களோடு எழுதியிருந்த பதிவுகளின் இணைப்புகள் இன்றும் எங்கள் வகுப்புக் குழுவில் நீல நிறத்தில் மின்னுகின்றன. தொட்டால் ஒன்றுமில்லை.

சிறியவர்கள் மட்டுமே இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வை அலுவலகம் தன் ஒன்றியத்து நிறுவனங்களுக்காக 'ஈயூ வாய்ஸ்' என்னும் மாஸ்டடான் வழங்கியைத் தொடங்கிற்று. 2024 மே மாதம் அது மூடப்பட்டது. ஆப்கானிஸ்தானின் 'டாட் ஏஎஃப்' ஈற்றில் இயங்கிய ஒரு வழங்கியின் பெயரை 2024 பிப்ரவரியில் அந்நாட்டு ஆட்சியாளர் பறித்துக்கொண்டனர். நம் தமிழ் வலைப்பூக்களின் கதை இதைவிட நெருக்கமானது. கூகுள் நிறுவனம் 2012இல் தொடங்கி இந்திய வாசகர்களை 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டது. பலரும் அந்த முகவரியையே நகலெடுத்துக் கட்டுரைகளிலும் கடிதங்களிலும் கொடுத்தார்கள். 2020இல் அந்தப் பெயர் கூகுளின் கையைவிட்டு வேறொருவர் கைக்குப் போயிற்று. அத்தனை இணைப்புகளும் ஒரே நாளில் அநாதை. வலைப்பூக்கள் பழைய முகவரியில் உயிரோடுதான் இருந்தன, வழிதான் அறுந்தது. உலகத்தின் பெருஞ்செல்வந்த நிறுவனம் ஒன்று ஒரு பெயரைக் காப்பாற்றத் தவறியது என்றால் மற்றவரை என்ன சொல்ல!

2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கை என்னும் தளம் வேறு வழியில் சென்றது. அங்கே ஒவ்வொருவருக்கும் வழங்கியோடு ஒட்டாத நிலையான அடையாள எண் உண்டு. வீடு மாறினாலும் எண் மாறாது, எழுதியவையும் கூடவே வரும். எங்கள் 612904 போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த எண்களுக்கான பதிவேட்டை அதே நிறுவனமே தொடங்கி நடத்தியது. மாளிகையை இடித்துவிட்டுச் சாவிக்கொத்தை மட்டும் ஒருவரிடம் கொடுத்துவைத்த கதை. அஞ்சல் குறியீட்டு எண் நிலைத்தது அதை வழங்கியது பொதுத்துறை என்பதால். சமூக ஊடகத்தின் எண்ணுக்கும் லாபம் கருதாத பொதுப் பொறுப்பாளர் வேண்டும் என்றே நான் சொல்வேன்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இதை எங்கும் எவரும் பேசக் காணோம். தமிழில் பெயரிட்ட ஒரு பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். பல இடங்களில் தமிழ் மறைந்து விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக ஒரு நீண்ட வால் வரும். 'பழூர்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ப, ழ, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். ஆக மூன்றெழுத்துச் சொல்லுக்கு நாற்பத்தைந்து குறிகள்! ஒரு முழு வாக்கியத்தைத் தலைப்பாக வைத்தால் இணைப்பு இரண்டு மூன்று வரி நீளும். இடையில் எங்கேனும் வெட்டுப்பட்டால் செத்தது. மாஸ்டடானில் கணக்கின் பெயரைத் தமிழில் வைக்கவே வழியில்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடுமே செல்லும். அங்கே 'ழ' படும் பாடு சொல்லி முடியாது. எங்கள் ஊரையே ஒருவர் 'எல்' போட்டுப் பலூர் ஆக்குகிறார், இன்னொருவர் 'இசட் எச்' போடுகிறார். முன்னே நிற்கும் 'தா'வை ஒருவர் ஓர் எழுத்திலும் மற்றவர் மூன்றெழுத்திலும் எழுதுகிறார். தேடுபொறிக்கு இவை வேறு வேறு ஊர்கள்.

நம் கல்லூரி செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்வி நிறுவனங்களுக்கென்றே 'ஏசி டாட் இன்' என முடியும் பெயர்களை எர்நெட் அமைப்பு வழங்குகிறது. அத்தகைய பெயரின் கீழ் ஒரு சிறு வழங்கியைக் கணினித் துறையும் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் கூட்டாக நடத்தலாம். மாணவர் மூன்று ஆண்டில் போய்விடுவர், கல்லூரி இருக்கும். இந்த வட்டாரத்துக் கோயில்கள், ஏரிகள், புதைபடிவங்கள், பேச்சுவழக்குச் சொற்கள் பற்றி நாம் எழுதுவன அங்கே பிறக்கட்டும். பிறகு உலகின் எந்த வழங்கிக்கு வேண்டுமானாலும் படியாகப் போகட்டும். மூலம் நம்மிடம். ஒரு நாள் அதை மூட நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டே மூடுவது என முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். வீடு மாறுபவர் அஞ்சலகத்தில் புது முகவரி எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதில்லையா? பெயரைப் புதுப்பிக்கும் செலவு ஆண்டுவிழாப் பந்தல் செலவில் ஒரு மூலைக்கும் காணாது. வழங்கிக்கான கணினிக்கும் மின்சாரத்துக்கும் செலவு கூடுதல்தான், அதை நான் மறைக்கவில்லை. பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்பதும் உண்மை. விடுமுறைக் காலத்தில் யார் பார்ப்பது என்பது பணத்தைவிடக் கடினமான கேள்வி. அதற்குத் துறைத்தலைவர்கள்தாம் விடை சொல்ல வேண்டும்.

அடுத்த கல்வியாண்டில் இதற்கான கூட்டம் கூடுமானால் முதல் பொருளாக ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். எங்கள் வட்டாரத்து ஊர்ப்பெயர்களில் வரும் 'ழ'வை முகவரியில் எப்படி எழுதுவது என்பதை ஒருமுறை முடிவு செய்து, எழுதி, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். என் வாக்கு 'இசட் எச்' பக்கம். தமிழ்த் துறையார் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒட்டிய பிறகு மாற்றக் கூடாது.